வேற்றுருக் கொண்ட அன்பர்பாற் செயற்பாலது யாது?

சென்ற திங்கள் எம்மிடம் சிவஞானபோதம் பாடங் கேட்கும் மாணாக்கர் ஒருவர், மூன்றாஞ் சூத்திரப் பாடம் முடிந்து யாம் நூலை மூடும் பொழுதில், ஒரு வினா விடுத்தார். "உடலின் வேறாய் உயிர் உண்டென்பது பெற்றாம். அங்ஙனமாயின், நம்மால் அன்பு செய்யப்பட்ட ஒருவர் கொடிய பிராணியாய் உருத்திரிந்து நம்மைக் கொல்ல வருவரேல், அவரைக் கொல்லுதல் அன்பரைக் கொல்லுதலாமோ, பிராணியைக் கொல்லுதலாமோ?" என்பது அவ்வினா. புராண வரலாறு யாதேனும் கருதி வினவுகின்றார் போலும் என்று யாம் எண்ணினேம். அவரோ மேனாட்டு விஞ்ஞானப் புனைகதை ஒன்றைக் கூறினார். முதலில் நகைத்தேம். கதை முடிந்த பின்னர் நகை எழவில்லை. அன்றிரவு உறக்கமும் எளிதில் வந்திலது.

இத்தகைய கதைகளை இவ்விதழின்கண் ஆராய்தல் தகுமோ எனச் சிலர் ஐயுறுதல் கூடும். முயற்கோடு, ஆகாயப்பூ என்னும் இல்பொருள்களைத் தருக்க நூலார் எடுத்தாளுதல் அவற்றை உளவென்று கொண்டன்று. உள்ளபொருளின் இயல்பை விளக்குதற் பொருட்டேயாம். வாழ்க்கையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கடமைகளைப் புனைகதை தனித்தனியே பிரித்துக் காட்டுமாயின் அதனைக் கொள்ளுதலில் இழுக்கில்லை. இங்கிலாந்துத் தத்துவ நூலார் ஜான் லாக் என்பவர், தம் பெருநூலின் 1694-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பிற் புதிதாகச் சேர்த்த அதிகாரத்தில், அரசிளங்குமரன் ஒருவனது நினைவு செருப்புத் தைப்பவன் ஒருவன் உடலிற் புகுந்தால் அவன் யாவன் என்று வினவியதும் இம்முறை பற்றியே.

இனிக் கதையைச் சுருங்கக் கூறுதும். பாரிஸ் நகரிற் பிறந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் லாங்கிலான் என்பார் 'ஈ' என்னும் பெயரால் இதனை எழுதினார். 1957-ல் அமெரிக்கத் திங்களிதழ் ஒன்றில் வெளிவந்தது. மறுவருடமே குர்ட் நியூமன் இதனைத் திரைப்படமாக்கினார். கதைக்கும் படத்திற்கும் வேறுபாடுகள் உள. மாணாக்கர் கண்டது படமே ஆதலின், அதன் போக்கையே கொள்கின்றேம்.

ஆந்திரே என்னும் விஞ்ஞானி, ஒரு பொருளை அணுவணுவாய்க் கரைத்து வேறோரிடத்தில் மீண்டும் உருவாக்கும் பொறி ஒன்றைச் சமைக்கின்றான். வீட்டுப் பூனையை அதனுள் இட்டபோது அது கரைந்து மீளவில்லை. வெறுவெளியிலிருந்து அதன் குரல் மட்டும் கேட்டது. அவ்வளவோடு நின்றானல்லன். பின்னர்ப் பொறியைத் திருத்தித் தானே உட்புகுந்தான். ஓர் ஈயும் உடன் புகுந்ததை அவன் அறிந்திலன். வெளிவந்த பொழுது அவன் தலையும் ஒரு கையும் ஈயினுடையனவாயிருந்தன. ஈயோ அவன் தலையையும் கையையும் கொண்டு பறந்துபோயிற்று. பேச்சற்ற அவன் தலையைத் துணியால் மறைத்துக்கொண்டு, எழுத்தால் மனைவி எலேனுக்குச் செய்தி தெரிவிக்கின்றான். அவ்வெண்டலை ஈயைப் பிடித்துக் கொணர்ந்தால் மீண்டும் பொறியிற் புகுந்து பிரியலாம் என்பது அவன் நம்பிக்கை. வீட்டார் அனைவரும் தேடியும் ஈ அகப்பட்டும் அகப்படாமல் தப்பிப் போயிற்று. நாளடைவில் அவன் உள்ளத்தை வேறொன்று கவ்வுகின்றது. ஈக்கை தானே எழுகின்றது. மற்றைக் கை அதனைப் பற்றி அடக்குகின்றது. மனைவிக்குத் தன்னால் ஊறு நேருமென்று அஞ்சிய அவன், பொறியை உடைத்துக் குறிப்புக்களை எரித்து, கரும்பலகையில் தன் அன்பை ஒரு சொல்லால் எழுதிவிட்டு, தொழிற்சாலையிலுள்ள பேரழுத்தப் பொறியின் கீழ்த் தலையை வைக்கின்றான். விசையை அழுத்த வேண்டியவள் மனைவி. அவள் அழுத்துகின்றாள். ஈக்கை வெளியே நழுவிக் கிடந்ததைக் கண்டு, பொறியை உயர்த்தி, அக்கையை எடுத்து உள்ளே வைத்து, மீண்டும் ஒருமுறை அழுத்துகின்றாள்.

அன்பர்கள் இவ்விரண்டாம் அழுத்தத்தை நினைவிற் கொள்க. பின்னர் வேண்டப்படும்.

முதற்கண் ஆராயற்பாலது, அப்பொறியின் கீழ்த் தலை வைத்தவன் யாவன் என்பதே. உடலே உயிரென்னும் உலோகாயதர்க்கு இஃது எளிது. தலை மாறிற்று, ஆகவே அவன் மாண்டான், எஞ்சியது பிராணி என்பர். நினைவே ஆள் என்பார்க்கும் ஒருவாறு எளிதே. கணவன் நினைவு உள்ளவரை அவன் கணவன். ஈயின் உணர்வு மேலோங்கிய கணமே கணவன் இலனாயினான். அதன்பின் கொல்லுதல் ஈயைக் கொல்லுதலோடு ஒக்கும் என்பர். லாக் கூறியதன் வழியே செல்வார் இம்முடிபிற்கே வருதல் வேண்டும்.

சித்தாந்திக்கு இவ்வாயில்கள் இரண்டும் அடைபட்டுள்ளன. உயிர் உடலன்று, ஐம்பொறியன்று, மன முதலிய அந்தக்கரணங்களும் அன்று. அரசன் அமைச்சரோடு கூடியிருந்து தொழில் நிகழ்த்துமாறு போல, ஆன்மா கரணங்களோடு கூடி அறிகின்றது என்பது நம் ஆசிரியர் காட்டிய உவமை. இக்கதையில் நிகழ்ந்தது யாதெனின், அமைச்சர் நீக்கப்பட்டு அவரிடத்தே அயலார் அமர்ந்ததே. அரசன் கோயிலினுள்ளேயே இருக்கின்றான். அவன் ஆணை மட்டும் வெளிவரவில்லை. வெளிவரும் ஆணை அவனதன்று. சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பாதலின், ஈயின் கரணங்களைச் சார்ந்து ஈயாய் நிற்பினும், நிற்பது அவ்வான்மாவே. ஆகலின் எலேன், "என் கணவன் முன்னரே இறந்தான், யான் நசுக்கியது வேறொன்று" என்று கூறித் தப்புதல் இயலாது.

இவ்விடத்தே காப்கா என்னும் பிராக் நகரத்து எழுத்தாளர் 1915-ல் வெளியிட்ட 'உருமாற்றம்' என்னும் கதை நினைவிற்கு வருகின்றது. அதனைப் பலரும் அறிவர். காலையில் விழித்த கிரெகோர் என்பவன் தான் பெரும் பூச்சியாய்க் கிடத்தலைக் காண்கின்றான். அவன் எவர்க்கும் தீங்கு செய்தானல்லன். வீட்டார்க்குப் பாரமாயினான், அவ்வளவே. தொடக்கத்தில் அவனுக்கு உணவிட்டுப் பேணியவள் அவன் தங்கை. அவளே இறுதியில், இதனை அண்ணன் என்று எண்ணுவதை விட்டொழிக்க வேண்டும், அண்ணனாயின் தானே நம்மை விட்டு அகன்றிருப்பான் என வாதிக்கின்றாள். நுட்பமான வாதம், கொடிய வாதமும் ஆம். ஒருவரைக் கைவிட விரும்பும் உள்ளம் முதலில் அவரது பெயரைக் கைவிடும். 'அவன்' என்பது 'அது' ஆன பின்னர்ச் செய்வதற்கு அரியது ஒன்றுமில்லை. கிரெகோரின் தங்கை கொலை செய்திலள். ஆயினும், எலேனையும் அவளையும் ஒருங்கு வைத்து நோக்கின், கொன்றவளிடத்தே யாம் பெருங்குற்றங் காண்கிலேம். எலேன் விசையை அழுத்தும் கணத்திலும் அவனைக் கணவன் என்றே கருதினாள்.

இனி, கணவனே எனின் கொல்லுதல் எவ்வாறு தகும் என்பது அடுத்த வினா. இதற்கு மூன்று ஏதுக்கள் கூறப்படுவனவாம். அவனே வேண்டினான் என்பது ஒன்று. அவனால் ஊறு நேரும் என்பது மற்றொன்று. அவன் துன்பத்தைத் தீர்த்தல் கருணை என்பது பிறிதொன்று.

வேண்டினான் என்பது கொண்டு கொலை கொலையன்றாகாது. உடல் நுகர்வினையைத் துய்த்துக் கழித்தற்குத் தரப்பட்ட கருவி. தன்னதென்று எறிதற்குரிய உடைமையன்று. தனக்கு உரிமையில்லாத ஒன்றைப் பிறர்க்கு அவன் கொடுத்தல் எங்ஙனம்? ஆயினும் அவ்வேண்டுகோள் பயனற்றதென்றும் கூறேம். அவன் அறிவு தெளிந்திருந்த பொழுதே, பின்னர்த் தன்னால் நிகழப்போகும் தீங்கைத் தானே அஞ்சி எழுதினான் என்பது, அத்தீங்கு அவனுடைய கருத்தன்று என்பதற்குச் சான்றாகும். அவ்வளவில் அது பெரிதும் வேண்டற்பாலது. ஊறு செய்வது ஈயின் கரணமாதலின் அவன் குற்றவாளியல்லன். குற்றவாளியல்லாதவனை ஒறுத்தல் இல்லை. ஆகவே எலேன் செய்ததை ஒறுத்தலென்று எவரும் கொள்ளற்க. பெரியபுராணத்தில் மகன்மீது தேரூர்ந்த சோழனை இங்கே எடுத்துக்காட்ட எண்ணுவார்க்கும் இதுவே விடை. அவன் அரசன், உயிரிழந்த கன்றின் பொருட்டு முறை செய்தான். எலேன் அரசியல்லள், முறைவேண்டி மணியசைத்தாரும் ஈண்டு இலர்.

தந்தையின் தாளைத் தடிந்த சண்டேசுர நாயனார் வரலாற்றைக் காட்டி வினவுவாரும் உளர். அவ்வரலாறு தன்செயலற்று நின்ற நிலையில் நிகழ்ந்தது. தன்செயல் அறாத நாம் அதனை நம் செயலுக்கு அரணாக்குதல் கத்தியைக் குழந்தை கையிற் கொடுத்தலோடு ஒக்கும். மேலும் இதுபற்றி ஈண்டு விரித்தல் வேண்டா.

ஊறு நேரும் என்னும் ஏதுவே உண்மையில் வலியுடையது. வீட்டில் ஓர் இளஞ்சிறுவனும் இருக்கின்றான். தாய் தன்னுயிரைக் கொடுக்க இசையலாம். மகனுயிரைக் கொடுக்க அவளுக்கு உரிமையில்லை. ஆயின் காத்தல் வேறு, கொல்லுதல் வேறு. கட்டுதல், அடைத்தல், அகலுதல், மருந்து தேடுதல் என்பன யாவும் முயன்று தீர்ந்த பின்னரன்றிக் கொல்லுதலைக் காத்தலென்று பேசுதல் கூடாது. கதையிலே இவை முயலப்பட்டனவோ எனின், ஈயைத் தேடினார், ஓரளவிற்குத் தேடினார். அவனோ தன்னை மீட்டற்கிருந்த ஒரே வழியாகிய பொறியைத் தன் கையாலேயே உடைத்தான். உலகிற்கு அவ்வறிவு தீங்கு பயக்கும் என்று அஞ்சினான் போலும். அவ்வச்சம் போற்றத் தக்கதே; பூனை மீளாதபோதே அது தோன்றியிருக்க வேண்டும்.

எம் கருத்தில் இக்கதையின் பெருந்தவறு ஆந்திரேயினுடையது. மனைவியின் கையைத் தன் சாவிற்குக் கருவியாக்கினான். தான் ஒருவனே செய்து முடிக்க இயலாமையின் என்பர். இயலாமை உண்மையேயாகுக. தான் ஒருகணத்திற் கழியும் துன்பத்தை அவள் ஆயுள் முழுதும் சுமக்கும்படி இறக்கிவைத்தல் அன்பின் முதிர்ச்சியோ, அச்சத்தின் விரைவோ என்பதை அவன் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. 1986-ல் டேவிட் குரோனன்பர்க் என்பார் இக்கதையை வேறு வகையால் மீண்டும் படமாக்கினார் என்றும், அதில் முழுவதும் உருத்திரிந்த காதலன் துப்பாக்கியின் வாயைத் தானே தன் தலைக்கு நேரே பிடித்து வைக்கின்றான் என்றும் மாணாக்கர் கூறினார். அவன் எழுதவும் மாட்டாதவன். அச்செய்கையே அவன் சொல். இவ்விரு கதைகளிலும் ஆண்மகன் வேண்டுகின்றான்; பெண் செய்து முடித்துப் பின் வாழ்ந்திருக்கின்றாள். கதையெழுதினார் இதனைக் கருதினாரோ, இலரோ.

இனிக் கருணை என்னும் மூன்றாவது ஏது. இதனிடத்தே நம்மனோர் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். அறக்கருணை, மறக்கருணை என இருவகைக் கருணை நம் நூல்களிற் பேசப்படுதலின், கொல்லுதலும் கருணையேயாம் என்று ஒருவர் எளிதிற் கூறிவிடுவர். மறக்கருணை இறைவனுக்கே உரியது. ஏனெனின், எவ்வுயிர் எவ்வினையை எவ்வளவு துய்த்தால் மலபரிபாகம் எய்தும் என்பதை அறிந்தவன் அவனொருவனே. மருத்துவன் உறுப்பைக் கொய்தல் நோயின் அளவை அறிந்தே. நோயறியாதான் கத்தியெடுத்தால் அவனுக்கு வேறு பெயர். "இவனுக்கு நன்மை பயத்தற்காகவே இவனைக் கொல்கின்றேன்" என்பவன் அறியாததை அறிந்தவனாகத் தன்னை வைத்துக்கொள்கின்றான். "வேறு வழி காணாமற் செய்தேன், இதன் பயனை யானே துய்ப்பேன்" என்பவன் அங்ஙனம் வைத்துக்கொள்வானல்லன். செயல் ஒன்றே, செய்தார் நிலை வேறு. எலேன் எந்நிலையில் நின்றாள் என்பதை இரண்டாம் அழுத்தம் காட்டுமென்று யாம் கருதுகின்றேம். முதலழுத்தம் கணவன் ஏவலால் நிகழ்ந்தது. இரண்டாவதற்கு ஏவுவார் எவரும் இலர், அவன் மாண்டுவிட்டான். ஊறு செய்யும் ஆற்றலும் ஒழிந்தது. எவரும் தன் உருவைக் காணலாகாது என்று அவன் விரும்பியதை நினைந்து, தானே அக்கையைத் தொட்டெடுத்து வைத்துத் தானே அழுத்தினாள். அதனிடத்தே கருணை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒன்றுமில்லை. பின்னர் மைத்துனனுக்குத் தானே செய்தி சொல்கின்றாள், கொன்றதை மறுத்திலள். யாம் அவளைப் பாவி என்று தள்ளவும் துணியேம். அறஞ் செய்தாள் என்று கொள்ளவும் துணியேம். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு பெயர் நம் நூல்களில் உண்டாயின் கற்றறிந்த அன்பர்கள் எழுதியுதவுவாராக.

படத்தின் இறுதியில் மற்றொரு நுட்பம் வைக்கப்பட்டுள்ளது. காவல் அதிகாரி எலேனைச் சிறைசெய்ய வருகின்றார். தோட்டத்தில் சிலந்தி வலையில் வெண்டலை ஈ சிக்கி, மனிதக் குரலால் அலறுகின்றது. சிலந்தி நெருங்குகின்றது. அதிகாரி கல்லெடுத்து இரண்டையும் நசுக்கிவிடுகின்றார். உடனே மைத்துனன், அவள் கொலைகாரியாயின் நீரும் கொலைகாரரே என்று மடக்குகின்றான். மாணாக்கர் இவ்வாதத்தை மிகவும் வியந்தார். எமக்கு இதில் இரண்டு தடைகள் உள. முதலாவது, ஆன்மா பகுக்கப்படாத பொருள். பொறியின் கீழ்க் கிடந்தவன் ஆந்திரே எனின், வலையிற் சிக்கியது ஆந்திரே ஆதல் செல்லாது. அவன் தலையும் குரலும் பெற்ற ஈயே ஆதல் வேண்டும். இரண்டிடத்தும் அவனே அறிந்து பேசுகின்றான் என்று கொண்டால் ஓருயிரை இரண்டாக்கியதாகும். ஆசிரியர் இதனை நோக்கிலர். இரண்டாவது, அதிகாரி செய்தது நடுக்கத்தால். கல் கையிலிருந்து விழுந்த பின்னரே தான் செய்தது யாதென்று அவர்க்குத் தோன்றியிருக்கும். மனத்தாற் பலகாலும் எண்ணிச் செய்ததும் எண்ணாது கை செய்ததும் ஒரு நிறையின அல்ல. எனினும், சட்டத்தின் காவலர் ஒருவரே தம் கையால் அதனைச் செய்து பார்க்கும்படி கதை அமைந்தது நன்று. அவர் அதன்பின் எலேனைச் சிறைசெய்திலர்.

எம் மாணாக்கர் இவ்வளவும் கேட்டு, "இவையெல்லாம் கதையில் நிகழ்வன, நமக்கு நேர்வனவல்லவே" என்றார். அவர் இளையர். யாம் கண்டதொன்றை அவர்க்குக் கூறினேம். எழுதுதற்குத் தகுமோ என்று எண்ணிப்பார்த்து இங்கும் எழுதுகின்றேம்.

எமக்குப் பத்து வயதிருக்கும். எம் பெரியதந்தையார் மகனை வெறிநாய் கடித்தது. லூயி பாஸ்டர் 1885-லேயே அந்நஞ்சிற்குத் தடுப்பு ஊசி கண்டார். குன்னூரில் 1907 முதல் அவர் பெயரால் நிலையம் இயங்கிவருகின்றது. கடியுண்டவுடன் ஊசி போட்டால் பிழைக்கலாம். நோய்க்குறி தோன்றிய பின்னர் மருந்தில்லை. புண் சிறிதென்று வீட்டார் எண்ணி வேர் அரைத்துக் கட்டினர். நாற்பது நாட்களின் பின் தண்ணீரைக் கண்டு அண்ணன் தொண்டை இழுத்துக்கொண்டபோது எல்லாருக்கும் விளங்கிற்று. கடித்தால் மற்றவர்க்கும் பற்றும் என்று ஊரார் அஞ்சினர். தெளிந்திருந்த நேரத்தில் அவரே, "என்னைக் கட்டிவிடுங்கள், அம்மாவைக் கிட்டே விடாதீர்கள்" என்று சொன்னார். மாட்டுக் கொட்டிலில் தூணோடு கட்டினர். ஊரில் மூத்தவர் ஒருவர் எம் தந்தையாரிடம், இனி அவன் அவனல்லன், துன்பம் நீளாமற் செய்துவிடலாம், யாரும் குறை சொல்லார் என்று மெல்லக் கூறினதை யாம் திண்ணைத் தூணுக்குப் பின்னிருந்து கேட்டேம். எம் தந்தையார் மறுமொழி கூறாமல் எழுந்து கொட்டிலுக்குச் சென்றார்.

பெரியதாயார் அங்கே வாயிலில் உட்கார்ந்திருந்தார். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறான்" என்றார். எம் தந்தையார் கயிற்றை அவிழ்த்து நீளத்தை முழத்தால் அளந்து மீண்டும் கட்டினார். அண்ணன் முழுவதும் பாய்ந்து வந்தாலும் எட்டாத இடத்தைக் கண்டு, அங்கே தரையில் மாட்டுத் தறிக்கோலால் ஒரு கோடு கிழித்தார். பெரியதாயார் தம் பாயை அக்கோட்டின்மேல் விரித்துக்கொண்டார். மூன்றாம் நாள் விடியலில் அண்ணன் இறக்கும் வரையில் அங்கேயே இருந்து பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தல் இரண்டாம் நாளே நின்றுவிட்டது.